தோட்டத்துலேருந்து நேரா விக்க எஃப்எஸ்எஸ்ஏஐ ரிஜிஸ்ட்ரேஷன்: ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க, நீங்களே போடுங்க

எஃப்எஸ்எஸ்ஏஐன்னா மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், அவங்களுக்கு ஃபாஸ்கோஸ்னு ஒரு போர்ட்டல் இருக்குல்ல, அதுல 2021-ல பேசிக் ரிஜிஸ்ட்ரேஷன் போட்டு இப்போ சொந்தக் காட்டுக் கடலைய மரச்செக்குல ஆட்டி எண்ணெயும், மஞ்சளை அரைச்சுத் தூளும் வீட்லேருந்தே வித்துட்டு இருக்கோம். நம்ம ஆளுங்க நெறைய பேர் இதுக்குப் பயந்தே மூட்டைய வியாபாரிகிட்ட கொடுத்துடறாங்க, அதனாலதான் விலாவாரியா எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா புரிஞ்சுக்கணும், எல்லாத்துக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துலயே 18வது பிரிவுல இருக்கு, விவசாயி தன் காட்டுல வெளஞ்சத அப்படியே விக்கிற வரைக்கும் அந்தச் சட்டம் அவருக்குக் கிடையாது. தக்காளி, வாழைத்தாரு, பச்சைக் கடலை, கீரை எதுவா இருந்தாலும் நம்ம கையில அது வெள்ளாமைதான். அதே கடலைய செக்குல போட்டாச்சு, மஞ்சள அரைச்சு பாக்கெட்ல அடைச்சாச்சுன்னா அங்கேருந்து நீங்க உணவு வணிகம் பண்றவர். இன்னொண்ணு, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட காய வாங்கி நம்ம காயோட சேத்து வித்தாலும் அந்த வாங்கின காய்க்கு நீங்க விவசாயி இல்ல, வியாபாரி, அதுக்கும் பதிவு வேணும். இது பலருக்குத் தெரியறதில்ல, நம்ம காடுதானே நம்ம ஊருதானேன்னு சேத்து வித்துடறாங்க.

பால்காரங்களுக்குத் தனியா ஒரு சலுகை இருக்கு. கூட்டுறவு சொசைட்டில மெம்பரா இருந்து மொத்தப் பாலையும் சொசைட்டிக்கே ஊத்தறவங்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம். வீடு வீடா ஊத்தினா, வெண்ணெய் நெய் எடுத்து வித்தா வேணும்.

இப்போ செலவு. நான் போட்டப்போ வருஷத்துக்கு 12 லட்சம் வரைக்கும் விக்கிறவங்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் போதும், அதுக்கு மேல போனாதான் லைசென்ஸ், ஃபீஸ் வருஷத்துக்கு 100 ரூபா, 5 வருஷத்துக்குச் சேத்துக் கட்டினா 500, அவ்ளோதான். (இந்த வரம்பு, ஃபீஸ் எல்லாம் அப்பப்போ மாத்துவாங்க, போடற அன்னைக்கு சைட்ல ஒருவாட்டி பாத்துக்கோங்க.) இதே வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 2500 கேட்டாங்க. கேட்டா ஆபீசர் செலவு அது இதுன்னு இழுக்கறாங்க. ஆன்லைன்லயும் ஃபுட் லைசென்ஸ்னு பேர் வச்ச தனியார் சைட்டுங்கதான் தேடினதும் மேல வந்து நிக்கும், பாக்க கவர்மென்ட் சைட் மாதிரியே இருக்கும், அட்ரஸ் ஜிஓவி டாட் இன்னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. ரெண்டு மூணு ஆயிரம்ங்கறது சின்ன விவசாயிக்கு ஒரு நடை பாட்டில் வாங்கற காசு, அத இப்படிப் புடுங்கறத பாத்தா மனசு கொதிக்குது.

படிவத்துல கேக்கறது போட்டோ, ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை, இடத்தோட விவரம், என்னென்ன பொருள், அவ்ளோதான். பாத்து பண்ண வேண்டிய எடம் ஒண்ணே ஒண்ணு, என்ன தொழில்னு தேர்ந்தெடுக்கற பக்கம். எண்ணெய்க்குத் தனி வகை, மஞ்சத்தூள் மாதிரி பொதுவான தயாரிப்புக்குத் தனி வகை, ரெண்டும் செய்யறவங்க ரெண்டையும் டிக் பண்ணணும், ஒரே இடம்னா ஒரே நம்பர்லயே வரும். விக்கறது மட்டும்னு போட்டுட்டு உள்ள செக்கு ஓட்டக்கூடாது. நான் போட்டப்போ ஒரு நாளைக்கு 100 கிலோ இல்ல 100 லிட்டருக்குள்ள தயாரிச்சாதான் ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் போதும்ங்கற சின்னத் தொழில் கணக்கு, பாலுக்கு அது 500 லிட்டர்.

விண்ணப்பம் போட்ட 7 நாளுக்குள்ள கொடுக்கணும், இல்ல காரணம் சொல்லி நிராகரிக்கணும், இல்ல நேர்ல பாக்கணும்னு நோட்டீஸ் விடணும்ங்கறது விதி. பாக்க வந்தாலும் 30 நாளுக்குள்ள முடிவு சொல்லணும், எதுவுமே சொல்லலைனா நாம தொழில ஆரம்பிச்சுடலாம்னே விதில இருக்கு. எங்களுக்கு ஆய்வுக்கு வந்தாங்க. நெஜமாவே அது நல்லதா போச்சு. வந்தவர் செக்க அதிகமா பாக்கல, நேரா கடலை மூட்டைகிட்ட போய் நின்னார். சிமென்ட் தரையில சுவத்த ஒட்டி அடுக்கியிருந்துச்சு, கீழ் மூட்டைய தூக்கச் சொல்லி அடியில கைய வச்சுப் பாத்தா சாக்கு சில்லுனு இருக்கு. தரை ஈரம் ஏறினா கடலைல பூஞ்சை பிடிக்கும், அதுலேருந்து அஃப்ளாடாக்சின்னு ஈரலக் கெடுக்கற விஷம் வரும், செக்குல ஆட்டி வடிகட்டினாலும் அது எண்ணெய்ல தங்கிடும்னு பொறுமையா சொன்னார். மரப்பலகை போட்டு, சுவத்துலேருந்து தள்ளி அடுக்கிட்டோம், சுருங்கின கடலை, முளை கருத்த கடலை எல்லாம் பொறுக்கித்தான் இப்போ செக்குக்குப் போகுது.

ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் 14 இலக்கம், 2-ல ஆரம்பிக்கும், லைசென்ஸ்னா 1-ல. சர்டிபிகேட்ட வர்றவங்க கண்ணுல படற மாதிரி மாட்டணும்.

அதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சுடாதீங்க, லேபிள் இருக்கு. பொருள் பேர், எடை இல்ல அளவு, தயாரிச்ச தேதி, எது வரைக்கும் நல்லாருக்கும்னு ஒரு தேதி, நம்ம அட்ரஸ், எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், எம்ஆர்பி, பச்சைக் கட்டத்துக்குள்ள பச்சைப் புள்ளி, இவ்ளோவும் பாட்டில்ல வரணும். ஃபர்ஸ்ட் பேட்ச் லேபிள் அடிக்கறப்போ தேதிக்கு இடம் விட்டு அடிங்க, பேட்ச் நம்பர கையில எழுதிக்கலாம். எண்ணெய்ப் பாட்டில்ல சாதா ஸ்டிக்கர் ஒட்டினா எண்ணெய் பட்டு எழுத்து அழிஞ்சுடும், பிளாஸ்டிக் மாதிரி இருக்கற லேபிள்தான் நிக்குது.

தூக்குப்போணி கொண்டு வந்து ஊத்துங்கன்னு கேக்கற கஸ்டமர் நெறைய, கேக்கறதுல தப்பில்ல, ஆனா பேக் பண்ணாம சில்லறையா எண்ணெய் விக்கக் கூடாது. 1998-ல டெல்லில பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெய சாப்ட்டு பல பேர் செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் வந்த கட்டுப்பாடுதான் இது. காரணத்த சொன்னா யாரும் கோவிச்சுக்கறதில்ல, பாட்டில திருப்பிக் கொடுத்தா விலைல கொஞ்சம் கொறைக்கறோம்.

'இயற்கை'ன்னு போடறவங்களுக்கு: சின்ன உற்பத்தியாளர் தானே நேரா சாப்பிடறவங்களுக்கு வித்தா ஆர்கானிக் சான்று இல்லாமலே விக்க விலக்கு இருக்கு, ஆனா சான்று வாங்கின ஆர்கானிக் பொருளுக்குன்னு இருக்கற ஜெய்விக் பாரத் முத்திரை போடக் கூடாது. கடைக்குக் கொடுத்து அங்கேருந்து வித்தா அந்த விலக்கு போயிடும், பிஜிஎஸ் (விவசாயிங்க குழுவா ஒருத்தர ஒருத்தர் சரிபாத்துக் கொடுக்கற சான்று), இல்ல என்பிஓபி (அங்கீகாரம் வாங்கின நிறுவனம் சோதிச்சுக் கொடுக்கற சான்று), ஒண்ணு எடுத்தாகணும்.

அரைக்கறது ஆட்டறது எதுவும் வேணாம், காய் மட்டும்தான்னா உழவர் சந்தை அட்டைய எடுங்க. 1999-ல மதுரைல ஆரம்பிச்சது, கடை வாடகை கிடையாது, தராசும் அங்கயே கொடுப்பாங்க. நிலம் நம்மளுது, இந்தப் பயிர்தான் நிக்குதுன்னு அடங்கல் காட்டி போட்டோ ஒட்டின அடையாள அட்டை வாங்கணும். வீட்ல வச்சு நிறுத்து விக்கறவங்க மட்டும் எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறை முத்திரை போட்டுக்கணும், அது எஃப்எஸ்எஸ்ஏஐல சேராது, தனியாப் போகணும்.