14 மாதம், ஒன்றரைப் படி: பார்டனின் மந்திரப் பயிற்சியில் என் அனுபவம்

ஃபிரான்ஸ் பார்டன் வகுத்த மந்திரப் பயிற்சியை நான் தொடங்கி 14 மாதம் ஆகிறது. மொத்தம் 10 படிகள். முதல் படியை முடிக்கவே எனக்கு 9 மாதம் பிடித்தது. இப்போது இரண்டாம் படியின் நடுவில் இருக்கிறேன். புதிதாக இறங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

பார்டன் இன்றைய செக் நாட்டின் ஓபாவா பகுதியில் 1909இல் பிறந்தவர். ஃப்ராபாட்டோ என்ற பெயரில் மேடையில் வித்தை காட்டியவர். 1958இல் சிறைக்காவலில் இருந்தபோது இறந்துபோனார். இந்தப் பயிற்சியைச் சொல்லும் அவருடைய நூல் 1956இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. முன்பகுதி தத்துவம், பின்பகுதி செய்முறை. ஒவ்வொரு படியிலும் மனத்துக்கு, ஆன்மாவுக்கு, உடலுக்கு என்று மூன்று பயிற்சிகள் சேர்ந்தே நடக்கும். மூன்றும் கைவந்தால்தான் அடுத்த படி. குரு கிடைக்காதவரும் நூலை வைத்துக்கொண்டு தனியாகவே முன்னேறலாம் என்று அவர் சொல்லியிருப்பதுதான் என்னை இதற்குள் இழுத்தது.

நான் வந்தது சித்துக்காகத்தான். பிந்தைய படிகளில் வரும் பஞ்சபூதப் பயிற்சிகளை முதலில் படித்துவிட்டு, அந்த ஆசையோடு முதல் படியில் கால் வைத்தேன். அங்கே கேட்கப்பட்டதோ மிகச் சிறிய விஷயம்: ஓர் இடத்தில் உட்கார், கண்ணை மூடு, 5 நிமிடம் உன் மனத்தில் வரும் எண்ணங்களைப் பார்த்துக்கொண்டிரு. தடுக்காதே, பின்னால் போகவும் செய்யாதே. இதை மெல்ல 10 நிமிடமாகக் கூட்ட வேண்டும். அடுத்து ஒரே எண்ணத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். கடைசியில் எந்த எண்ணமும் இல்லாமல் 10 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருத்தல்தான் என்னை 5 மாதம் உட்கார வைத்தது. "ஆகா, வெறுமை வந்துவிட்டது" என்று நினைக்கும்போதே அதுவும் ஓர் எண்ணமாகிவிடும். நோட்டில் தேதி போட்டு, எத்தனை நொடி நின்றது, எது வந்து கலைத்தது என்று எழுதி வைத்தேன். பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, என்னைக் கலைத்தவற்றில் பெரும்பாலானவை நடந்து முடிந்த சண்டைகள். வேறு யாரும் மறந்துபோன வார்த்தைகளை நான் மட்டும் தினமும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆன்மப் பயிற்சிதான் இந்த முறையின் உயிர் என்பேன். கருப்புக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடி என்று இரண்டு பட்டியல்கள். கருப்பில் நம் குறைகள், வெள்ளையில் நம் நற்குணங்கள். எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் அதற்குரிய பூதத்தில் சேர்க்க வேண்டும். கோபம், பொறாமை, பழிவாங்கும் எண்ணம் நெருப்புக்கு. வெட்டிப்பேச்சு, தற்பெருமை காற்றுக்கு. அலட்சியம், நிலையின்மை நீருக்கு. சோம்பல், மனச்சோர்வு மண்ணுக்கு. பிறகு அவை நம்மை எவ்வளவு ஆட்டிவைக்கின்றன என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் நாள் 15 குறைகளுக்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. மூன்றாம் வாரம் எண்ணிக்கை 80ஐத் தாண்டியது. நான் என்னைக் கோபக்காரன் என்றே நினைத்திருந்தேன். பட்டியல் வேறு கதை சொன்னது: என் குறைகளில் பாதிக்கு மேல் நீரில் விழுந்தன. எதையும் முடிவு செய்யாமல் தள்ளிப்போடுவது, பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது, பிறகு உள்ளுக்குள் புழுங்குவது. என் கோபமே அந்தப் புழுக்கத்தின் நுனிதான் என்று அன்று இரவு புரிந்தது. இத்தனை வயதில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை ஒரு நோட்டு சொல்லிவிட்டது.

உடல் பயிற்சி எளிது. காலையில் உலர்ந்த தூரிகையால் தோலைத் தேய்ப்பது, குளிர்ந்த நீரில் கழுவுவது, மூச்சை உள்ளே இழுக்கும்போது அமைதியோ ஆரோக்கியமோ சேர்ந்து உள்ளே வருவதாக உணர்வது, உண்ணும் உணவிலும் அதே எண்ணத்தைப் பதிப்பது. மூச்சின் எண்ணிக்கையை 7இல் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் 30 மூச்சுக்குப் போனேன், தலை சுற்றியது. மறுநாளே 7க்குத் திரும்பினேன்.

இரண்டாம் படியில் தூங்கப்போகும் முன் 40 முடிச்சுப் போட்ட கயிற்றை விரலால் தள்ளியபடி ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். சுயமாகக் கருத்தூட்டும் முறையைப் பரப்பிய பிரெஞ்சு மருந்தாளர் எமில் கூவேயும் 20 முடிச்சுக் கயிறு வைத்துக்கொள்ளச் சொன்னவர். வாக்கியம் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும், "இல்லை", "மாட்டேன்" வரக்கூடாது. "தள்ளிப்போட மாட்டேன்" என்று மூன்று வாரம் சொன்னேன், ஒன்றும் அசையவில்லை. "எடுத்ததை அன்றே முடிக்கிறேன்" என்று மாற்றிய பிறகு, இரண்டு மாதத்தில் வேலை செய்யும் விதமே மாறியது. மந்திரம் என்று இதை நான் சொல்லமாட்டேன். ஆனால் நடந்தது.

ஒரு எச்சரிக்கை. கருப்புக் கண்ணாடி எழுதிய வாரங்களில் மனம் மிகவும் கனத்துப்போனது. ஏற்கெனவே மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குச் சிகிச்சை எடுப்பவர் மருத்துவரிடம் பேசாமல் இதைத் தொடங்க வேண்டாம். யாராக இருந்தாலும் வெள்ளைப் பட்டியலைத் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டேன், அந்த ஒரு மாதம் தேவையில்லாமல் வாடினேன். தனியாகச் செய்வதில் இன்னொரு சிரமம், சரியாகச் செய்கிறோமா என்று கேட்க ஆள் இல்லை. நோட்டு ஒன்றுதான் துணை.

இப்போது புலன் பயிற்சியில் இருக்கிறேன். பென்சில், கத்தி, தீப்பெட்டி என ஒவ்வொன்றையும் கண்ணை மூடி மனக்கண்ணில் 5 நிமிடம் கலையாமல் பார்க்க முடிகிறது. அடுத்தது ஒலி. கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் மட்டும் மனத்துக்குள் கேட்க வேண்டும், கடிகாரத்தின் உருவம் வரவே கூடாது. நேற்று இரவு 3 நிமிடம் தாண்டியது. பிறகு அந்த வட்ட முகமும் இரண்டு முட்களும் மெல்லத் தெரிந்தன. கண்ணைத் திறந்து நோட்டில் எழுதிவிட்டுப் படுத்தேன்.