ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்ற ஸ்கோப்: ஹாக் வான்டேஜ் 4-12×40 ஏ.ஓ. மதிப்புரை

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இறங்கும் எண்ணத்தோடு ஸ்கோப், அதாவது துப்பாக்கியின்மேல் பொருத்திக் குறி பார்க்கும் தொலைநோக்கி, தேடுபவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிகளின்படி அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை. கடலூரில் பிறந்து, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவன் குறி பார்ப்பது, சிறு துளை கொண்ட பீப் சைட்டின் வழியாகத்தான். ஆகவே பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்யும் பெற்றோர் ஸ்கோப்புக்கு வைத்த பணத்தைப் பெல்லட் என்னும் சிறு குண்டுக்கும் பயிற்சிக்கும் செலவிடலாம். இந்த மதிப்புரை, ஸ்பிரிங்கின் விசையால் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்துக்கொண்டு 10 முதல் 25 மீட்டர் வரை காகித இலக்கில் சுட்டுப் பழகுபவர்களுக்காக, கையைக் கடிக்காத விலையில் நல்ல ஸ்கோப் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக எழுதப்படுகிறது.

நான் முதலில் வாங்கியது, இணையத்தில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்த ஒரு 3-9×40 ஸ்கோப். அந்த எண்களின் பொருள், உருப்பெருக்கத்தை மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை மாற்றலாம், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்பதாகும். எண்களைப் பார்த்து மகிழ்ந்துதான் வாங்கினேன். ஆனால் 10 மீட்டரில் ஒன்பது மடங்குக்குத் திருகியபோது, இலக்கின் கறுப்பு வட்டம் தண்ணீரில் விழுந்த மைத்துளி போல ஓரம் கலங்கித் தெரிந்தது. வளைய எண்களைப் படிக்கவே முடியவில்லை. மூன்று மடங்குக்குக் குறைத்தால்தான் தெளிவு வந்தது. அதைவிட மோசமான குறை, துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்துவிட்டு, கண்ணை மட்டும் சற்றே இடமும் வலமும் நகர்த்தியபோது தெரிந்தது: குறுக்குக்கோடு இலக்கின்மேல் ஊர்ந்து, பத்தாம் வளையத்திலிருந்து எட்டாம் வளையம் வரை போய்வந்தது.

பள்ளி இயற்பியலில் இடமாறு தோற்றம் என்று படித்தோமே, அதுதான் இது. இலக்கின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஸ்கோப்புக்குள் ஒரே தளத்தில் விழாவிட்டால், கண் நகரும் பக்கத்துக்கு ஏற்பக் குறியும் நகர்வது போலத் தோன்றும். பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளில் இந்தப் பிழை பெரும்பாலும் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர் தூரத்தில் நீங்கும்படி தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்தியிருப்பார்கள். 40 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள அப்படிப்பட்ட ஸ்கோப்பால் 10 மீட்டரில் குறி பார்த்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது பிழை கணக்குப்படி சுமார் 18 மில்லிமீட்டர் வரை வரலாம். 10 மீட்டர் இலக்கின் மொத்த விட்டமே 45.5 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும். மூச்சையும் விசையையும் எத்தனை கவனமாகக் கட்டுப்படுத்தினாலும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் சற்று இடம் மாறிப் படிந்தால் குண்டு வேறிடத்தில் விழும்.

எங்கள் சங்கத்தில் பல ஆண்டுகளாகச் சுட்டுவரும் மூத்தவர் ஒருவர், அந்த ஸ்கோப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, “எத்தனை மடங்குன்னு பார்க்காதீங்க தம்பி, எத்தனை மீட்டர்லேருந்து தெளிவாத் தெரியும்னு கேளுங்க” என்றார். அவர் சொல்லித்தான் ஹாக் என்ற பிரிட்டன் நிறுவனத்தின் வான்டேஜ் 4-12×40 ஏ.ஓ. ஸ்கோப்பைத் தேடிப் போனேன். பெயரில் உள்ள ஏ.ஓ. (அட்ஜஸ்டபிள் ஆப்ஜெக்டிவ், அதாவது திருத்தக்கூடிய முன்பக்க லென்ஸ்) என்ற எழுத்துகள்தாம் இதில் முக்கியம். முன்பக்க லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகி, 10 கெஜத்திலிருந்து முடிவிலி வரை எந்தத் தூரத்துக்கும் பிம்பத்தைத் தெளிவாக்கலாம். பிம்பம் தெளியும்போதே இடமாறு பிழையும் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. கடையில் இதைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. நீளமான கடையின் ஒரு கோடியில் நின்று, மறுகோடிச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைப் பன்னிரண்டு மடங்கில் பார்த்து வளையத்தைத் திருகினேன். தேதி மட்டுமன்றி, அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ராகு காலமும் எமகண்டமும் நறுக்கென்று வந்து நின்றன. தலையை அசைத்துப் பார்த்தேன். குறுக்குக்கோடு எழுத்தின்மேல் ஒட்டிவைத்தாற்போல் நின்றது. எந்த நிறுவனத்தின் ஸ்கோப்பானாலும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்துப் பார்க்க வேண்டியது உறுதி. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் உதைப்பு வெடிமருந்துத் துப்பாக்கியின் உதைப்பைப் போன்றதன்று. விசையை இழுத்ததும் உள்ளிருக்கும் பிஸ்டன் முன்னோக்கிப் பாய, துப்பாக்கி பின்னால் நகர்கிறது. பிஸ்டன் காற்றழுத்தத்தில் மோதி நிற்கும் அடுத்த கணமே துப்பாக்கி முன்னால் இழுக்கப்படுகிறது. பின்னோக்கிய உதையை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப், இந்த இருபக்க உலுக்கலில் உள்ளே கட்டுக் குலைந்துபோகும். என் பழைய ஸ்கோப் சில நூறு பெல்லட்டுகளிலேயே குறியை நிலைநிறுத்தும் திறனை இழந்தது. ஆகவே, ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாரா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வான்டேஜில் எட்டு மாதத்தில் சுமார் மூவாயிரம் பெல்லட்டுகள் சுட்டிருக்கிறேன், குறி பிசகவில்லை.

ஆனால் ஸ்கோப் நன்றாயிருந்து, அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் மட்டமானால் எல்லாம் வீண். அதே உலுக்கல் மவுண்டைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும். துப்பாக்கியின் மேல் மவுண்டைப் பூட்டுவதற்காக உள்ள 11 மில்லிமீட்டர் டவ்டெயில் ரெயிலுக்குப் பொருந்தும், நகராமல் தடுக்கும் ஊசி உள்ள, ஒரே துண்டாலான மவுண்டை வாங்கி, அந்த ஊசி துப்பாக்கியின் மேலுள்ள குழியில் இறங்கும்படி பூட்ட வேண்டும். குழலை மடித்துக் குண்டு போடும் துப்பாக்கிகள் சிலவற்றில் குழல் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அவற்றுக்கு அந்தச் சாய்வை ஈடுகட்டும் மவுண்ட் கிடைக்கிறது.

குறியைத் திருத்தும் திருகுகளில் ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்), அதாவது 100 மீட்டரில் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 10 மீட்டரில் 0.7 மில்லிமீட்டர்தான். எனவே 10 மீட்டரில் குறியை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தச் சுமார் 40 கிளிக் வேண்டும் என்பதைக் கண்டு புதியவர்கள் கலங்க வேண்டாம். நான் ஐந்து பெல்லட் சுட்டு, வலப்பக்கம் 40, மேலே 40, இடப்பக்கம் 40, கீழே 40 என்று திருகி, ஒவ்வொரு மூலையிலும் ஐந்தைந்து சுட்டேன். சதுரம் கோணாமல் வந்தது. கடைசி ஐந்தும் முதல் ஐந்து போட்ட துளைக்குள்ளேயே விழுந்தன. பழைய ஸ்கோப்பில் இதே சோதனையில் 40 கிளிக் திருகியும் முதல் இரண்டு குண்டுகள் அசையாமல், மூன்றாவது திடீரென்று தாவியது.

ஒளிரும் குறுக்குக்கோடு, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஆகியவற்றுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. 40 மில்லிமீட்டர் லென்ஸில் பன்னிரண்டு மடங்கு வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 3.3 மில்லிமீட்டர்தான் என்பதால் மாலை மங்கும்போது பிம்பமும் மங்கும். எட்டு மடங்குக்குக் குறைத்தால் போதும், 25 மீட்டருக்கு அதுவே நிறைவாக இருக்கிறது. ஏ.ஓ. வளையம் ஸ்கோப்பின் முன்னால் இருப்பதால் தூரத்தை மாற்றக் கையை நீட்ட வேண்டும். பக்கவாட்டில் திருகும் வகை வசதியானது, விலையும் கூடுதல். ஒரே தூரத்தில் சுடுபவர்களுக்கு அந்தச் செலவு தேவையற்றது.

வான்டேஜின் விலை எட்டாது என்பவர்கள், பேர் தெரியாத 3-9 ஸ்கோப்புக்குப் போவதைவிட, ஏர் ரைஃபிளுக்கென்றே செய்த எளிய 4×32 ஸ்கோப்பை வாங்கலாம். அவற்றில் இடமாறு பிழை பொதுவாக 30, 35 கெஜ அளவில் நீக்கப்பட்டிருப்பதாலும், உருப்பெருக்கம் குறைவு என்பதாலும், 10 மீட்டரிலும் கலங்கல் அதிகம் உறுத்தாது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் எதை வாங்கினாலும், மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை படராமல் இருக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைக்கவும்.

ஏ.ஓ. வளையத்தில் அச்சிட்ட எண்கள் கெஜத்தில் இருக்கும். எந்த ஸ்கோப்பிலும் அவை தோராயமானவையே. நான் வளையத்தைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, எங்கள் சுடுதளத்தில் அளந்து வைத்த தூரங்களில் பிம்பம் தெளியும் இடங்களைப் பேனாவால் 10, 18, 25 என்று மீட்டரில் குறித்திருக்கிறேன். இப்போது அச்செண்களைப் பார்ப்பதே இல்லை.