தள்ளினால் ஸ்டார்ட் ஆகும் அம்பாசிடர்: பதினைந்து வருட அனுபவம்

வண்டி 1984 மாடல் மார்க் 4 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். 2009இல் மயிலாடுதுறையிலேயே ஒருவரிடம் வாங்கினேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் இதுவரை பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் இக்னிஷன்தான், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் மின் அமைப்பு. ஸ்டார்ட் ஆகாமல் நின்ற காலைகளை எண்ணினால் ஐம்பது தேறும். அதில் முக்கால்வாசி, பொறிக்கான கரண்டை நான்கு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்புக்கு அடியில் முடிந்த கதை.

அந்தக் கதைகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு ஐப்பசியில் வந்தது. செல்ப் நன்றாகச் சுற்றும், பெட்ரோல் வாசனையும் வரும், இன்ஜின் பிடிக்காது. நான்கு பேர் சேர்ந்து தள்ளினால் தெருமுனைக்குள் பிடித்துக்கொள்ளும். தள்ளினால் ஓடுகிறது என்றால் பேட்டரிதான் என்று தெருவே தீர்ப்பு சொன்னது. நானும் நம்பிப் புது பேட்டரி போட்டேன். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. அடுத்து, பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றும் காயில். அடுத்து நான்கு பிளக். அதற்கும் அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைக் கொடுக்கும் ரோட்டார். ஒவ்வொன்றை மாற்றியதும் இரண்டு மூன்று நாள் ஓடும், அதனால் ஒவ்வொரு முறையும் "இதுதான் கோளாறு" என்று மனசு சமாதானமாகிவிடும்.

கடைசியில் கடைவீதிக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாய் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு டெஸ்ட் லாம்ப் மட்டும்: இரண்டு ஒயர் வைத்த 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு. ஒரு முனையை இன்ஜின் இரும்பில் கடிக்கவிட்டு, மறுமுனையைக் காயிலில் சாவி பக்கத்து டெர்மினலில் வைத்தார். எரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மறுபக்க டெர்மினலுக்கு மாற்றினார்.

"தம்பி, இப்ப செல்ப் அடிங்க. பல்பு கண் சிமிட்டுதா?"

"சிமிட்டலை பாய். எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

"அப்ப பாயின்ட் மூடினாலும் கரண்ட் எர்த்துக்குப் போகலை."

விஷயம் அவ்வளவுதான். பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்ச். அது மூடும்போது காயிலின் கரண்ட் எர்த்துக்கு, அதாவது இன்ஜின் இரும்புக்கு, இறங்க வேண்டும், பல்பு அணைய வேண்டும். திறக்கும்போது பல்பு எரியும், அந்த நொடியில்தான் பிளக்கில் பொறி விழும். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தால் காயிலுக்கும் எர்த்துக்கும் நடுவே எங்கோ அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால், சாவிப் பக்கம் கரண்ட் இருக்கும் பட்சத்தில், எங்கோ எர்த்தில் இடிக்கிறது அல்லது காயிலே உள்ளே அறுந்திருக்கிறது.

கேப்பைக் கழற்றி, பாயின்ட்டை உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தார். மாற்றமில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் ஒரு மெல்லிய ஒயர் உண்டு, நாலு விரற்கடைதான் இருக்கும். அதை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒதுக்கினார். பல்பு அணைந்தது. விட்டார், எரிந்தது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இழுத்துப் பார்த்தால் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்புக் கம்பி முழுக்க அறுந்து உறை மட்டும் மிச்சம்.

ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் இன்ஜின் உறிஞ்சும் வேக்குவம் மாறி, பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு லேசாக முன்னும் பின்னும் திரும்பும். முப்பது வருடம் அதோடு வளைந்து வளைந்து கம்பி போயிருக்கிறது. தள்ளும்போது வண்டி குலுங்க, அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டன. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போட்டதெல்லாம் தண்டம். மாற்றிய ஒயர் சல்லிக்காசு. அந்த இடத்தில் பல இழை கொண்ட மெல்லிய ஒயரைத்தான் போட வேண்டும், தடித்தது போட்டால் தட்டைத் திரும்பவிடாது.

அதற்குப் பிறகு பல்பு இல்லாமல் நான் பானெட்டைத் திறப்பதில்லை. மல்டிமீட்டரும் வாங்கினேன், நல்ல பொருள்தான். காயிலின் இரண்டு சின்ன டெர்மினலுக்கு நடுவே 3 ஓம் பக்கத்தில் காட்டினால் பிரைமரி சுருள் சரி என்று வைத்துக்கொள்ளலாம். செல்ப் சுற்றும்போது பேட்டரி 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ கேபிளையோ சந்தேகப்படலாம். ஆனால் சிமிட்டலைக் காட்ட பல்புதான் தோது.

பல்பு ஒழுங்காகச் சிமிட்டியும் பொறி வரவில்லையா, காயிலின் நடு ஒயரைக் கழற்றி, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்து செல்ப் அடிக்கச் சொல்வேன். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. கையால் பிடித்தால் வாங்கும் அடி மறக்காது, நான் மறக்கவில்லை. நீலமாகச் 'சட் சட்' என்று பாய்ந்தால் கோளாறு கேப், ரோட்டார், பிளக் பக்கம். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் முதலில், பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரைத்தான் பார்ப்பேன். ஒருமுறை புதுக் கண்டென்சர் பதினைந்தே நாளில், இன்ஜின் சூடானதும் கையை விரித்தது. கழற்றிப் போட்ட பழையதைத் திரும்ப மாட்டி வீடு வந்தேன். அன்றிலிருந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நிலையில் கழற்றிய பழைய பாகத்தை எறிவதில்லை.

என் தவறு ஒன்று. பிளக் ஒயர்களை மாட்டும் வரிசை, சிலிண்டர் எண்படி 1-3-4-2, இது எல்லோருக்கும் தெரியும். இந்த இன்ஜினில் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்பதை மறந்து வலஞ்சுழியாக மாட்டிவிட்டேன். கார்பரேட்டர் வழியே 'டப்' என்று வெடித்ததில் எதிர்வீட்டுத் தாத்தா வெளியே வந்துவிட்டார்.

பாயின்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடச் சொல்லிப் பல பேர் சொல்கிறார்கள். தினமும் ஓட்டுபவர் தாராளமாகப் போடலாம். பாயின்ட்டைத் திறக்கும் கேமில் உரசும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்வாங்கும், அந்தத் தொல்லை கிட்டில் இல்லை. நான் மாதம் இருநூறு கிலோமீட்டர் ஓட்டுபவன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாயின்ட் இடைவெளியில் 0.38 மில்லிமீட்டர் கேஜ் விட்டுப் பார்த்து, கேமில் துளி கிரீஸ் தடவினால் போதும். நடுவழியில் நின்றாலும் உப்புத்தாளும் ஸ்க்ரூடிரைவரும் போதும்.

மழைக்காலம்தான் இன்னும் தீரவில்லை. கேப்பின் உள்ளே ஈரம் கோத்தால் கரண்ட் ஓரமாக ஓடி விடுகிறது. துடைத்து, அடுப்பு அணைத்தபின் அதன் பக்கத்தில் பத்து நிமிடம் வைத்தால் சரியாகிறது. காபி டபராவுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருப்பதைப் பற்றி வீட்டில் தனியாக ஒரு அனுபவப் பகிர்வு உண்டு.