வாய் நாற்றத்துக்குக் குடல் மாத்திரையா? என்னைப் போல ஏமாறாதீர்கள்

பேசும்போது எதிரில் இருப்பவர் மெல்ல முகத்தைத் திருப்புவார். இரண்டு வருடம் அதைப் பார்த்துப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டே பேசப் பழகியிருந்தேன். வயிறும் அடிக்கடி உப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ஒரு 'குடல் ஆலோசகரிடம்' மாட்டினேன்.

வீடியோ காலில் பத்தே நிமிடம். நாக்கை நீட்டச் சொல்லக்கூட இல்லை. "பிரச்சினை வாயில் இல்லைங்க, குடலில் கெட்ட பாக்டீரியா பெருகிடுச்சு" என்றார். மூன்று மாத புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை) கோர்ஸ், கூடவே 'பராமரிப்புக்கு' என்று நான்காவது டப்பா. எல்லாவற்றுக்கும் முன்பணம். முதல் மாதம் வயிறு இன்னும் உப்பியது. கேட்டால், "கெட்டது சாகுது, அப்படித்தான் இருக்கும்." மூன்றாம் மாதமும் நாற்றம் அப்படியே.

அப்புறம்தான் டப்பாவை உற்றுப் பார்த்தேன். 'பல பில்லியன் நல்ல பாக்டீரியா' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எந்த ஸ்ட்ரெயின், அதாவது பாக்டீரியாவின் எந்தக் குறிப்பிட்ட உள்வகை என்று எங்கேயும் இல்லை. பொடி எழுத்தில், அந்த எண்ணிக்கை மாத்திரையைத் தயாரித்த அன்றைக்கு உள்ளது மட்டும்தானாம்.

கடைசியில் பல் மருத்துவரிடம் போனேன். நாக்கின் பின்பகுதியை ஒரு சின்னக் கரண்டியால் வழித்து, முகர்ந்து பார்க்கச் சொன்னார். மஞ்சள் படிவு, அழுகிய முட்டை வாடை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பை மாதிரி இடைவெளி விழுந்திருந்தது. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு நாற்றம் வாயிலிருந்தே வருகிறதாம். நாக்கு மடிப்பிலும் ஈறுப் பையிலும் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியா புரதத்தை உடைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி வாயுக்களை விடுகிறது. உணவுக்குழாய் பெரும்பாலும் மூடியே இருப்பதால், ஏப்பமோ எதுக்களிப்போ வந்தால்தான் வயிற்று வாடை மேலே வரும். ஈறைச் சுத்தம் செய்து, தினமும் நாக்கு வழிக்க ஆரம்பித்த பிறகு இப்போது எவ்வளவோ தேவலை.

புரோபயாடிக் எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ் கே12 என்ற ஸ்ட்ரெயினை வாய் நாற்றத்துக்கு ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அது வாயில் போட்டுச் சப்பிக் கரைக்கும் மாத்திரை. எனக்குத் தந்ததோ நாக்கில் ஒட்டாமல் நேரே வயிற்றுக்குப் போகும் கேப்சூல்!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சீல் உடைச்சா திருப்ப முடியாது" என்றார். சரி என்று, உடைக்காத நான்காவது டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினேன். அன்று மாலையே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.