மூன்றரை கிராம் ஸ்பின்னர்: சிற்றோடையில் ஒரு நாள்

நாலு எட்டில் கடந்துவிடக்கூடிய ஓடையில் பிரவுன் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்கப் போகிறவர், லூர் எனப்படும் செயற்கை இரையை வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: நீரில் விழுந்த பிறகு எத்தனை முழம் கடந்தால் அது வேலை செய்யத் தொடங்கும்? பெரிய ஆற்றில் 20 மீட்டர் தள்ளி வீசிய லூர் முதல் இரண்டு மீட்டரை வெறுமனே கடந்து வந்தாலும் மீதித் தூரம் கைவசம் இருக்கும். சிற்றோடையில் ஒரு மடுவின் மொத்த நீளமே நான்கைந்து மீட்டர்தான். அதிலும் நல்ல மீன் நிற்கும் இடம், மேலிருந்து விழும் நீர் நுரைத்து அடங்கும் தலைப்பகுதி. அங்கே போய் விழுந்த லூர் உடனே உயிர்பெறாவிட்டால், அது உயிர்பெறும்போது மீன் இருந்த இடத்தைத் தாண்டியிருக்கும். இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு, 1ஆம் எண் அளவும் 3.5 கிராம் எடையும் செம்பு நிறத் தகடும் கொண்ட ஸ்பின்னரை, அதாவது இழுக்கும்போது தகடு சுழலும் லூரை, விடியற்காலை முதல் அந்திவரை ஒரே ஓடையில் பயன்படுத்திப் பார்த்தேன்.

மூன்று ஸ்பின்னர்கள் ஓர் உறையில் வருகின்றன. நடுவே ஓடும் எஃகுக் கம்பி, அதில் கோத்த பித்தளை உடல், உடலுக்கு மேலே சிறு கவ்வியில் தொங்கும் அகன்ற முட்டை வடிவத் தகடு, கடைக்கோடியில் மும்முள். 1938இல் பிரான்சில் ஆந்த்ரே மெல்னார் என்ற பொறியாளர் உருவாக்கி, மெப்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அமைப்பின் வழிவந்தது இது. பல தயாரிப்பாளர்கள் இதே அமைப்பைப் பின்பற்றுவதால், உறையின் மேலுள்ள பெயரைவிடக் கவ்வியின் செய்நேர்த்தியைத்தான் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. தகடு அகன்றிருந்தால் மெதுவாக இழுத்தாலும் கம்பியிலிருந்து நன்றாக விரிந்து சுழலும். ஆனால் லூரை மேலே தூக்கியும் விடும். வேப்பிலைபோல் ஒடுங்கிய தகடு கம்பியை ஒட்டிச் சுழன்று ஆழத்தில் ஓடும். அதற்கு வேகம் கூடுதலாக வேண்டும். முழங்கால் ஆழ ஓடைக்கு அகன்ற தகடே பொருத்தம்.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1.65 மீட்டர் நீளமுள்ள, 1 முதல் 5 கிராம் வரை வீசக்கூடிய மெல்லிய ராட் (தூண்டில் கோல்), நரம்பைச் சுற்றும் 1000 அளவு ரீல், 0.18 மி.மீ. நைலான் நரம்பு. ராட் இதைவிட நீளமாக இருந்தால் தலைக்கு மேல் கவிந்த கிளைகளில் ஒவ்வொரு வீச்சும் சிக்கும். நீர்ப்பரப்பின் கூச்சத்தைத் தணிக்கும் போலராய்டு கண்ணாடி இல்லாமல் போனால் ஓடையின் அடியைக் காணமுடியாது. பாதி நாள் குருட்டு வீச்சாகவே கழியும்.

காலையில் நீரின் வெப்பநிலை 8 பாகை செல்சியஸாக இருந்தது. முதல் மூன்று மடுக்களில் மீன் கடிக்கவில்லை. ஆனால் இரண்டு முறை ஒரு மங்கலான நிழல் பாறையடியிலிருந்து கிளம்பி, ஒரு முழம் தொடர்ந்து வந்து, அலுத்துக்கொண்டதுபோல் திரும்பிவிட்டது. குளிர்ந்த நீரில் டிரவுட்டின் உடலியக்கம் மந்தமாக இருக்கும். துரத்திப் பிடிக்கும் அளவுக்கு அதற்கு ஊக்கம் இருக்காது. இந்த நேரத்துக்கு வேண்டியது மிக மெதுவாக இழுத்தாலும் சுழல்வதை நிறுத்தாத தகடு. ஓட்டத்துக்குக் குறுக்கே வீசி, ரீலைச் சுற்றியும் சுற்றாமலும் விட்டபோது, இந்த ஸ்பின்னர் தயங்கித் தயங்கியாவது சுழன்றுகொண்டிருந்தது. அப்படித்தான் நாளின் முதல் மீன் கிடைத்தது. 15 செ.மீ.கூட இருக்காது.

ஓடையில் கீழிருந்து மேல்நோக்கி நடப்பதற்குக் காரணம் உண்டு. டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நின்று, நீர் கொண்டுவரும் பூச்சிகளையும் சிறு இறால்களையும் எதிர்பார்த்திருக்கும். அதன் பார்வைக்கு எட்டாத முக்கியமான பகுதி பின்புறம். பின்னாலிருந்து குனிந்து நெருங்கி மேல்நோக்கி வீசினால் ஆள் இருப்பது அதற்குத் தெரியாது. ஆனால் இதே உத்திதான் ஸ்பின்னருக்குப் பெரிய சோதனையாகிறது. நீருக்கும் லூருக்கும் இடையே வேக வேறுபாடு இருந்தால்தான் தகடு சுழலும். மேல்நோக்கி வீசிய லூரையோ ஓட்டமே நம்மை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. ஓட்டத்தைவிட வேகமாக ரீலைச் சுற்றாவிட்டால், தகடு உடலோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு உலோகமாக அடியில் உருண்டு வரும். ஆகவே லூர் நீரைத் தொடுவதற்கு முன்பே ஆள்காட்டி விரலால் நரம்பைத் தொட்டு வேகத்தைத் தணித்து, ரீலின் வளைகம்பியைக் கையாலேயே மூடி, நரம்பு விறைப்பாக இருக்கும்போதே அதை விழச்செய்யவேண்டும். சரியாகச் செய்தால், விழுந்த ஓசையோடு சேர்ந்தே ராட் நுனியில் ஓர் அதிர்வு தெரியும். ஈ ஒன்று உள்ளங்கைக்குள் சிறகடிப்பதுபோல் இருக்கும். அந்த அதிர்வு வந்துவிட்டால் தகடு சுழல்கிறது என்று பொருள். உறையிலிருந்து எடுத்த முதல் ஸ்பின்னர் இந்தத் தேர்வில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒரு முழத்துக்குள் தேறியது.

பத்து மணிக்குமேல், நீர் 11 பாகையைத் தாண்டியபோது நிலைமை மாறியது. ஒரு திருப்பத்தில் கரையை நீர் அரித்து, மரவேர்கள் திரைபோல் தொங்கிக்கொண்டிருந்தன. வேருக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் உயரம்தான் திறப்பு. தலைக்கு மேல் வீச வழியில்லாததால், மும்முள்ளின் வளைவை இரு விரல்களால் பிடித்து, உண்டிவில்லில் கல்லை இழுப்பதுபோல் ராட் வளையும்வரை இழுத்து விட்டேன். இந்த வீச்சில் விரலைக் கிழித்துக்கொள்ளாதிருக்கப் பழக்கம் வேண்டும். லூர் வேர்த்திரைக்கு அடியில் நுழைந்து, தகடு இரண்டு முறை மின்னியது. மூன்றாவது மின்னல் தெரியவில்லை. நரம்பு மட்டும் வேரை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்தது. கையில் எடுத்தபோது 24 செ.மீ. இருந்தது. முதுகில் ஈரப் பாசியின் பழுப்பு, வயிற்றில் வெண்ணெய் மஞ்சள், விலாவில் வெளிறிய வளையமிட்ட சிவப்புப் புள்ளிகள். ஏரியிலோ கடலிலோ வளரும் இதே இனத்து மீன் பல கிலோவுக்குப் பெருக்கும். உணவு குறைந்த சிற்றோடையில் இந்த அளவே முதிர்ந்த மீனுக்கு உரியது. ஆகையால் அதற்குரிய மரியாதையோடு கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டேன்.

முள்ளைப் பற்றித்தான் எனக்கு முதல் குறை. 24 செ.மீ. மீனின் வாய்க்கு மும்முள் மிகை. ஒரு முனை உதட்டில் ஏறினால் மற்ற இரண்டில் ஒன்று செவுளையோ கண்ணையோ தேடிப்போகும். அதைக் கழற்றும் நேரம் முழுவதும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். வளையத்தைத் திறந்து ஒற்றை முள் மாட்டிக்கொள்ளலாம் என்றால், இந்த ஸ்பின்னரில் கம்பியின் முனையையே வளைத்து மூடி மும்முள்ளைச் சிறைவைத்திருக்கிறார்கள். நான் செய்தது எளிய வேலை: குறட்டினால் இரண்டு முனைகளை வெட்டிவிட்டு, மிஞ்சிய முள்ளின் எதிர்முள்ளை (மீன் நழுவாமல் தடுக்கும் பின்னோக்கிய சிறு கூரை) நசுக்கித் தட்டையாக்கினேன். எடை சற்றே குறைந்தாலும் தகட்டின் சுழற்சியில் மாற்றம் தெரியவில்லை; வேர்களிலும் பாறை இடுக்குகளிலும் சிக்குவதுதான் வெகுவாகக் குறைந்தது. எதிர்முள் இல்லாததால் இரண்டு மீன்கள் துள்ளித் தப்பின. எப்படியும் விடப்போகிற மீன் சற்று முன்னதாகப் போனதில் எனக்கு வருத்தமில்லை. பல நீர்நிலைகளில் எதிர்முள்ளற்ற ஒற்றை முள் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. சிலவற்றில் லூருக்கே இடமில்லை. இவற்றை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. முதல் ஸ்பின்னர் நண்பகலுக்குச் சற்று முன் ஒரு பாறையில் மோதி, கம்பி இலேசாக வளைந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவே போதும், கவ்வி இடறித் தகடு நின்றுவிட. அதைப் பெட்டியில் வைத்துவிட்டு உறையிலிருந்த இரண்டாவதை மாட்டினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மூன்றாவதையும் மாட்டியபோது, அது பத்து வீச்சில் நான்கைந்தில் சுழலவே மறுத்தது. ராட் நுனியைச் சுண்டி எழுப்பிவிட்டால் சுழலும். ஆனால் அதற்குள் மடுவின் பாதி போயிருக்கும். உற்றுப் பார்த்ததில், கவ்வியின் இரு துளைகளும் நேர்க்கோட்டில் இல்லை. ஒன்றில் பிசிறும் இருந்தது. ஒரே உறையில், ஒரே அட்டையில் வந்த மூன்றில் ஒன்று இப்படி இருப்பது மன்னிக்கக்கூடியதாக எனக்குப் படவில்லை. ஏரியில் வீசுகிறவர் இதைக் கவனிக்காமலே பல நாள் பயன்படுத்துவார். சிற்றோடைக்காரருக்கு அது வெறும் சுமை.

நரம்பு முறுக்கிக்கொள்வது இந்த வகை முழுவதற்கும் உள்ள நோய் என்பதால், அதை இந்தத் தயாரிப்பின் கணக்கில் சேர்க்கவில்லை. லூருக்கு முன்னால் நரம்பு முறுக்காமலிருக்கச் சுழலும் ஒரு சிறிய இணைப்பான சுவிவெல் போட்டும், மதியத்துக்குள் நரம்பு தளர்ந்தபோதெல்லாம் சுருள ஆரம்பித்தது. லூரைக் கழற்றிவிட்டு நரம்பின் நுனியை ஓட்டத்தில் நீளவிட்டு, சற்று நேரம் கழித்துச் சுற்றிக்கொண்டால் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

ஒப்பீட்டுக்காக 5 செ.மீ. நீளமுள்ள, நீரில் அமிழும் மினோ ஒன்றையும் கரண்டிபோல் குழிந்த உலோகத் தகடான 2.5 கிராம் ஸ்பூன் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். மினோ என்பது சிறு மீனின் வடிவிலேயே செய்யப்படுவது. 1936இல் பின்லாந்தில் லௌரி ராப்பாலா தம் கையால் செதுக்கியதிலிருந்து புகழ்பெற்ற குடும்பம். இடுப்பளவு ஆழமுள்ள மடுவில், ராட் நுனியைச் சிறுசிறு துடிப்பாக அசைத்து அதை ஒரே இடத்தில் தடுமாறவிடலாம். அடிபட்ட குஞ்சு மீன் என்று நம்பி டிரவுட் பாய்ந்துவரும். ஸ்பின்னரால் இது இயலாது. நிறுத்தினால் அது இறந்த உலோகம். அன்று அவ்வளவு ஆழமான மடு இரண்டுதான் இருந்தன, இரண்டிலும் மினோவே வென்றது. ஆனால் நுரைத்து ஓடும் ஆழமற்ற பகுதிகளில் அது பக்கவாட்டில் சாய்ந்து, கற்களில் முட்டிக்கொண்டு, தன் நடிப்பைக் காட்ட இடமின்றித் திண்டாடியது. ஸ்பூனுக்கு மிதந்து ஆடி இறங்க ஆழம் வேண்டும். அன்றைய ஓடையில் அதற்கு வேலையே இல்லை. நாள் முடிவில் ஸ்பின்னருக்கு 11 மீன், மினோவுக்கு 3, ஸ்பூனுக்கு ஒன்றுமில்லை. மூன்றுக்கும் சம நேரம் தரவில்லை என்பதால் இதைப் பெரிய ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மர இலைகள் ஊறிய தேநீர் நிறத்து நீரில் செம்பு நன்றாகத் தெரிந்தது, தெளிந்த வெயிலிலும் மீனை மிரட்டவில்லை. அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மதியம் இரண்டு மணிக்கு நீர் 16 பாகை. இன்னும் ஏறியிருந்தால் நானே நிறுத்தியிருப்பேன். 19 பாகையை நெருங்கும்போது டிரவுட் இரையை வெறுக்கத் தொடங்கும், வெதுவெதுப்பான நீரில் உயிர்வளியும் குறைவாக இருப்பதால் பிடித்து விட்ட மீன் பிழைப்பதும் ஐயமே. அன்று மேகம் வந்து காப்பாற்றியது.

அந்தி மங்கும் வேளையில் கடைசி மடுவில் நடந்ததை ஸ்பின்னரின் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. மடுவின் தலையில் விழுந்த லூரின் பின்னால், அதுவரை பாறை என்று நான் நினைத்திருந்த ஒன்று நகர்ந்து வந்தது. இப்படிப்பட்ட பெரிய டிரவுட் பகலில் மறைந்திருந்து, இருட்டியபின் சிறு மீன்களை வேட்டையாடுவது. அவசரமில்லாமல் தகட்டை ஒட்டியே அது வந்தது. என் காலடிக்கு இரண்டு மீட்டர் தொலைவில் நரம்பின் கோணம் மாறி, லூர் மேலெழும்பி, தகடு ஒரு கணம் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்ததும் வால் ஒருமுறை திரும்பியது. மடு மறுபடியும் வெறும் பாறையும் நீருமாக நின்றது. அப்போது நரம்பில் கட்டியிருந்தது, சோதித்துவிடலாம் என்று நான் மீண்டும் மாட்டியிருந்த அந்த மூன்றாவது ஸ்பின்னர்.

வீட்டில் மூன்றையும் துடைத்து உலர்த்தும்போது ஒன்று தெரிந்தது. கம்பியின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு தகட்டின்மீது வாயால் ஊதினேன். கம்பியை நிமிர்த்திய பின் முதலாவது சுழன்றது, இரண்டாவது சுழன்றது. மூன்றாவது பாதி திரும்பி நின்றுவிட்டது. இதே ஸ்பின்னரை மறுபடியும் வாங்குவேன். உறையில் அடைத்ததை வாங்கமாட்டேன்; தனித்தனியாகத் தொங்கவிட்டிருக்கும் கடையில், ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்தே எடுப்பேன்.