லிவிங் வில் ரெடி பண்ணித் தர்ற ஆன்லைன் சர்வீஸ்: உறுப்பு தானம் பகுதி சூப்பர், ஒரு குறை இருக்கு

கேள்வி கேட்டு கேட்டு லிவிங் வில் (நம்மால பேச முடியாத நிலை வந்தா எந்த சிகிச்சை வேணும், எது வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற பத்திரம்) தயார் பண்ணித் தர்ற ஒரு சர்வீஸ் யூஸ் பண்ணேன், உறுப்பு தானத்த எழுதி வைக்கணும்னு தான் போனேன், நிஜமாவே யோசிச்சு செஞ்சிருக்காங்க.

நிறைய ஃபார்ம்ல "வென்டிலேட்டர் வேண்டாம்"னு ஒரு டிக், "உறுப்பு தானம் ஓகே"னு இன்னொரு டிக், அவ்ளோதான். ஆனா மூளைச்சாவு ஆனவங்க இதயம், கல்லீரல் எல்லாம் எடுக்கணும்னா ஆபரேஷன் வரைக்கும் வென்டிலேட்டர்ல வச்சுத்தான் ஆகணும், ரத்த ஓட்டம் நின்னா உறுப்பு கெட்டுடும், அப்போ ரெண்டு டிக்கும் மோதுது, எதை கேக்குறதுன்னு தெரியாம குடும்பம் தான் தவிக்கும். இவங்க அதை நேரடியாவே கேக்குறாங்க, "தானத்துக்காக மட்டும் கொஞ்ச நேரம் மெஷின்ல வைக்கலாமா?"ன்னு. நீங்க சொல்ற பதில் அப்படியே பத்திரத்துல வந்துடுது. கண், கிட்னி, தோல்னு தனித்தனியாவும் செலக்ட் பண்ணலாம், இதயம் நின்ன பிறகும் கண் குடுக்கலாம்ங்கிறதையும் அங்கயே சொல்லிருக்காங்க.

குறைன்னா, பிரிண்ட் எடுத்து யார்கிட்ட குடுக்கணும்னு ஒரு வரி கூட இல்ல. இது ரொம்ப முக்கியம்ங்க! எடுத்த இதயத்த சுமார் 4-6 மணி நேரத்துக்குள்ள பொருத்தணும், சொத்து உயில் மாதிரி எல்லாம் முடிஞ்சு பீரோவ திறந்து படிச்சா என்ன பிரயோஜனம்? நிறைய இடத்துல டாக்டருங்க குடும்பத்த கேட்டுட்டு தான் எடுப்பாங்க. நமக்காக பேசப் போறவங்க கையில ஒரு காப்பி, டாக்டர்கிட்ட ஒண்ணு, வாயாலயும் வீட்ல சொல்லிடுங்க.

சாட்சி கையெழுத்து பக்கத்துல எழுத்த கொஞ்சம் பெருசாக்கலாம். 4 ஸ்டார்.