இரவு இரண்டு மணி நேர ஜாப்புக்கு எந்தக் கிளஸ்டர்?

தினமும் நள்ளிரவுக்குப் பின் ஓடும் ஒரு ஸ்பார்க் (பெரிய தரவைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்து வேலை வாங்கும் மென்பொருள்) ஜாப். முந்தைய நாள் தரவை அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3-இலிருந்து எடுத்து, நாலைந்து டேபிள்களோடு ஜாயின் செய்து, திரும்ப எஸ்3-இலேயே எழுதும். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்-இல், ஸ்பார்க், ஹடூப் போன்றவற்றை ஓட்டித்தரும் இஎம்ஆர் சேவையில் இதை ஓட்ட மூன்று வழிகள்: நாள் முழுக்க ஓடும் கிளஸ்டர் (இயந்திரக் கூட்டம்), ஜாப் தொடங்கும்போது எழுந்து முடிந்ததும் அழிந்துபோகும் கிளஸ்டர், இயந்திரங்களை நாம் மேய்க்காமல் பயன்படுத்திய அளவுக்குக் காசு கட்டும் இஎம்ஆர் சர்வர்லெஸ். நான்காவதாக இஎம்ஆர் ஆன் இகேஎஸ் உண்டு, அதாவது கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸின்மேல் ஓட்டுவது. ஏற்கெனவே குபர்னெட்டிஸை நடத்த ஆள் இருக்கும் குழுவுக்கு அது சரி. ஒரு ஜாப்புக்காகக் குபர்னெட்டிஸைக் கட்டி மேய்க்க வேண்டாம்.

முதலில் கணக்கு. எம்5.எக்ஸ்லார்ஜ் என்பது 4 விசிபியு (மெய்நிகர் செயலி), 16 ஜிபி நினைவகம் கொண்ட இயந்திரம். வட வர்ஜீனியா ரீஜனின் பட்டியல் விலைப்படி இசி2-க்கு (இயந்திர வாடகை) மணிக்கு 0.192 டாலர், அதன்மேல் இஎம்ஆருக்கு 0.048 டாலர், மொத்தம் 24 சென்ட். மேற்பார்க்கும் பிரைமரி ஒன்று, வேலை செய்யும் வொர்க்கர் பத்து என்று பதினொன்று வைத்தால் மணிக்கு 2.64 டாலர். வட்டுச் செலவை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

நாள் முழுக்க ஓடவிட்டால் 30 நாளுக்கு 1,900 டாலர். இரவு இரண்டு மணி நேரம் மட்டும் என்றால் 158 டாலர். சேவிங்ஸ் பிளான் (நீண்டகால ஒப்பந்தத் தள்ளுபடி) போட்டு முதல் எண்ணைக் குறைக்கலாம்தான், ஆனால் இந்த இடைவெளி அதில் அடைபடாது. அப்படியும் இப்படிப்பட்ட ஜாப்புக்கு முழுநேரக் கிளஸ்டர் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். காரணம் பழக்கம்தான். ஹடூப் வந்த காலத்தில் தரவு எச்டிஎஃப்எஸ்-இல், அதாவது கிளஸ்டரின் வட்டுகளிலேயே இருந்தது. கிளஸ்டரை அணைத்தால் தரவும் போய்விடும். எஸ்3-இல் எழுதிய கோப்பு உடனே பட்டியலில் தெரியாத பிரச்சினையும் ஒரு காலத்தில் இருந்தது. 2020 டிசம்பரில் அதுவும் தீர்ந்தது. தரவு வெளியே போய்விட்டபின் கிளஸ்டர் வெறும் வாடகைப் பாத்திரம்தான். கல்யாணம் முடிந்ததும் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

முழுநேரக் கிளஸ்டருக்கு நியாயமான இடங்களும் உண்டு. எச்பேஸ் தரவுத்தளம் ஓடுகிறது, அனலிஸ்ட்டுகள் காலை முதல் மாலை வரை ட்ரினோ என்ற வினவல் கருவியில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஸ்ட்ரீமிங் ஜாப் நிற்காமல் ஓடுகிறது என்றால் அணைக்கவே முடியாது. அங்கே பிரைமரி மூன்றாக வையுங்கள். ஒன்றே ஒன்று இருந்து அது விழுந்தால் கிளஸ்டரே போச்சு.

இப்போது தற்காலிகக் கிளஸ்டரைச் சர்வர்லெஸ்ஸோடு வைத்துப் பார்ப்போம். போட்டி உண்மையில் இந்த இரண்டுக்கும்தான்.

சர்வர்லெஸ்ஸில் விசிபியு-மணிக்கு 5.26 சென்ட், ஜிபி-மணிக்கு 0.58 சென்ட் அளவில் காசு. அதே 4 விசிபியு, 16 ஜிபி வொர்க்கருக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 30 சென்ட் வருகிறது. 24 எங்கே, 30 எங்கே என்று இங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். எம்5.எக்ஸ்லார்ஜில் இருக்கும் 16 ஜிபி-யில், கிளஸ்டரின் வளங்களை ஜாப்புகளுக்குப் பங்கிடும் யார்னுக்கு இஎம்ஆர் கொடுப்பது 12 ஜிபிதான். மீதி இயங்குதளத்துக்கும் பின்னணியில் ஓடும் டெமன்களுக்கும். பிரைமரிக்கும் தனியாகக் காசு கட்டுகிறோம், அது தரவைத் தொடுவதே இல்லை.

அதைவிட முக்கியம், ஜாப்புக்குள்ளேயே நடக்கும் வெட்டிச் செலவு. ஸ்பார்க்கின் கண்காணிப்புப் பக்கமான யுஐ-யில் எக்ஸிக்யூட்டர் (வொர்க்கரில் வேலையைச் செய்யும் புராசஸ்) வரைபடத்தைத் திறந்து பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் பத்தும் மும்முரமாக ஓடும். அப்புறம் ஓரிரு கஸ்டமர் ஐடியில் தரவு குவிந்துகிடக்கும் ஜாயின் வரும். இரண்டு டாஸ்க் (வேலைத் துண்டு) மட்டும் மூச்சு வாங்க, மற்ற எட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். நிலையான அளவுக் கிளஸ்டரில் அந்த எட்டுக்கும் முழு வாடகை உண்டு: கிளஸ்டர் மொத்தத்துக்கும் இரவுக்கு 5.28 டாலர். சர்வர்லெஸ்ஸில் ஜாப்பை நடத்தும் டிரைவரும் பத்து எக்ஸிக்யூட்டரும் முதல் மணிக்கு 3.33 டாலர், இரண்டாம் மணியில் மூன்று மட்டும் மிஞ்சினால் 91 சென்ட், ஆகமொத்தம் 4.24. மணி விலை அதிகம், பில் குறைவு. இதிலும் ஒரு கொக்கி உண்டு. ஷஃபிள் தரவு (ஜாயின் போன்றவற்றுக்காக எக்ஸிக்யூட்டர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் இடைநிலைத் தரவு) எக்ஸிக்யூட்டரின் வட்டில் இருக்கும்வரை, வேலை இல்லாவிட்டாலும் ஸ்பார்க் அதை எளிதில் விடாது. ஆகவே 4.24-ஐ எதிர்பார்த்து உட்காராதீர்கள். உண்மையான எண் அதற்கும், பதினொன்றும் இரண்டு மணி நேரமும் ஓடினால் வரும் 6.66-க்கும் நடுவில் எங்கேயாவது விழும்.

கிளஸ்டர் பக்கம் ஸ்பாட் என்ற துருப்புச்சீட்டு இருக்கிறது: ஏடபிள்யூஎஸ்-இடம் மிச்சமிருக்கும் இயந்திரங்களைத் தள்ளுபடியில் எடுப்பது. தள்ளுபடி இசி2 பகுதிக்கு மட்டுமே, இஎம்ஆரின் 4.8 சென்ட் அப்படியே நிற்கும். ஸ்பாட் விலை 7 சென்ட் என்று வைத்துக்கொண்டால் இயந்திரத்துக்கு 11.8 சென்ட், அதாவது பாதி. ஆனால் ஏடபிள்யூஎஸ் இரண்டே நிமிட அவகாசத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

எதை ஸ்பாட்டில் வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இஎம்ஆரில் கோர் நோடுகள் எச்டிஎஃப்எஸ்-ஐத் தாங்குகின்றன, வேலை மட்டும் செய்யும் டாஸ்க் நோடுகள் தாங்குவதில்லை. கோர் நான்குக்குக் குறைவாக இருந்தால் எச்டிஎஃப்எஸ் பிரதி எண்ணிக்கை இயல்பாகவே 1. ஒரே பிரதி! அந்த நோடைப் பிடுங்கினால் இடைநிலைக் கோப்புகளும் ஸ்பார்க் நிகழ்வு லாக்கும் காலி. டாஸ்க் நோடு போனால் இழந்த ஷஃபிளைத் திரும்பக் கணக்கிட வேண்டும், நேரம் கூடும், அவ்வளவுதான். என் ஏற்பாடு: பிரைமரியும் இரண்டு கோரும் முழு விலை ஆன்-டிமாண்டில், எட்டு டாஸ்க் ஸ்பாட்டில். மணிக்கு 1.66 டாலர், இரவுக்கு 3.33. இயந்திரங்களைக் கேட்க இன்ஸ்டன்ஸ் குரூப் வேண்டாம், கிளஸ்டர் முழுவதற்கும் ஃப்ளீட் வையுங்கள். குரூப்பில் ஒரே வகை இயந்திரம்தான் கேட்க முடியும். ஃப்ளீட்டில் எம்5, ஆர்5, சி5 என்று பலதைச் சொல்லி வைத்தால் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும்.

ஆக இந்த ஜாப்புக்கு என் வாக்கு ஸ்பாட் கலந்த தற்காலிகக் கிளஸ்டருக்கு. ஐந்து நிமிடத்தில் முடியும் சின்ன ஜாப்புகள் நாளெல்லாம் சிதறி வருகின்றன என்றால் வாக்கை மாற்றிப் போடுவேன். கிளஸ்டர் எழவே ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். அங்கே சர்வர்லெஸ்தான் சரி. ஸ்பார்க்கும் ஹைவும் (எஸ்கியூஎல் கருவி) போதும், நோடுக்குள் எஸ்எஸ்எச் வழியே நேரடியாக நுழைந்து துழாவ வேண்டியதில்லை என்றால் குறையே இல்லை.

கூகுளின் இதேபோன்ற சேவையான டேட்டாபிராக்கிலும் இதே கதைதான், செகண்டரி வொர்க்கர் என்பது அங்கே டாஸ்க் நோடின் இடத்தில் நிற்கிறது. ஸ்பார்க்கைச் சேவையாகத் தரும் டேட்டாபிரிக்ஸில் கேள்வி பலரும் பகிரும் ஆல்-பர்ப்பஸா, ஒரு ஜாப்புக்கென்றே எழும் ஜாப் கிளஸ்டரா என்று வரும். ஷெட்யூல் செய்த ஜாப்பை ஆல்-பர்ப்பஸில் ஓட்டுவது ஒவ்வொரு இரவும் கூடுதல் விலை கொடுப்பதுதான்.

தற்காலிகம் என்று பெயர் வைத்ததால் மட்டும் கிளஸ்டர் தானாகச் சாகாது. பழைய வேலையில் ஒரு வெள்ளி மாலை ஏழு மணிக்கு, இதே பதினொரு இயந்திரக் கிளஸ்டரில் கட்டளைகளை நேரடியாகத் தட்டும் ஸ்பார்க் ஷெல்லைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். திங்கள் காலை ஒன்பதுக்கு வந்து பார்த்தால் அது சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. 62 மணி நேரம், 164 டாலர். சும்மா இருந்தால் அணைத்துவிடு என்ற விதியைப் போட்டுத்தான் இருந்தேன். ஆனால் ஷெல் திறந்திருந்தால் யார்ன் கணக்கில் ஒரு அப்ளிகேஷன் ஓடுகிறது, அது சும்மா இருப்பதாகாது. இப்போது ஜாப்புகளை ஸ்டெப்பாகவே (இஎம்ஆரே வரிசையாக ஓட்டும் வேலைகளாக) அனுப்புகிறேன், கடைசி ஸ்டெப் முடிந்ததும் கிளஸ்டர் முடிய வேண்டும் என்று உருவாக்கும்போதே சொல்லிவிடுகிறேன். லாக் எஸ்3-க்குப் போக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரவில் ஜாப் விழுந்து, காலையில் பார்க்கப் போனால் கிளஸ்டரும் இருக்காது, அது ஏன் விழுந்தது என்று சொல்லும் ஒரு வரியும் இருக்காது.